பெற்றோரின் பணம்: கேட்பது எப்போது, கேட்பது யார்?

வயதான பெற்றோரிடம் அவர்களுடைய சேமிப்பு, கடன், சொத்து, ஓய்வூதியம் பற்றிப் பிள்ளைகள் பேசலாமா? பேசலாம் என்றால் எப்போது, யார் தொடங்குவது? நம் காலத்துக் கேள்வி போலத் தோன்றினாலும், இதற்கான விடைகள் சுமார் 900 ஆண்டுகளாகச் சட்ட நூல்களிலும் ஊர் வழக்கங்களிலும் எழுதப்பட்டு வருகின்றன. புதிதாக வந்திருப்பது அவசரம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, இந்திய அளவில் 8.6 விழுக்காடு. அந்த இடைவெளி பிறகு குறையவில்லை.

சொத்தின் உருவமும் மாறிவிட்டது. நிலம், வீடு, மாடு, நகை எல்லாம் கண்ணெதிரே இருந்த காலத்தில் யாரிடம் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். இன்று அது வைப்புநிதி ரசீதாக, தபால் நிலையச் சேமிப்பாக, எல்.ஐ.சி. பாலிசியாக, மியூச்சுவல் ஃபண்டாக, செல்போனுக்குள் ஒரு ரகசிய எண்ணாக இருக்கிறது. உரியவர் சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும்.

இந்த விவாதத்தின் முக்கிய நிலைப்பாடுகளை அவற்றின் பிறப்பிடத்தோடும் பலவீனங்களோடும் பார்க்க முனைகிறது இக்கட்டுரை. படிக்கப் படிக்கத் தெரியவருவது ஒன்று உண்டு. பெற்றோரின் பணவிவரத்தை அறிவது, அவர்கள் சார்பில் செயல்படும் அதிகாரம் பெறுவது, சொத்துக்கு உடையவராவது ஆகிய மூன்றும் வேறு வேறு. நம் வீடுகளில் இவை ஒரே முடிச்சாக விழுந்திருக்கின்றன. பேச்சு தொடங்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் அந்த முடிச்சே காரணம் என்று எண்ணத் தோன்றுகிறது.

பிறப்பிலேயே உரிமையா, இறப்புக்குப் பின்னா?

கல்யாணிச் சாளுக்கியர் அரசில், 11-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம், மூதாதையர் வழி வந்த சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு என்றது. வங்காளத்தில் ஜீமூதவாகனர் எழுதிய தாயபாகம் இதை மறுத்தது. தந்தை உள்ளவரை சொத்து தந்தையுடையது, அவர் காலத்துக்குப் பிறகே மகனின் உரிமை பிறக்கிறது என்பது அதன் வாதம். முதல் நிலைப்பாட்டின்படி மகன் கணக்குக் கேட்பது பங்காளி கேட்பது. இரண்டாவதன்படி அது அடுத்தவர் பெட்டியைத் திறக்கப் போவது.

தமிழகம் மிதாட்சர மரபில் நின்றது. 1862-இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றம் தன் ஆரம்ப ஆண்டுகளிலேயே, தந்தை விரும்பாவிட்டாலும் பூர்வீகச் சொத்தில் மகன் பாகப்பிரிவினை கோரலாம் என்று ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கம் வேறு. டச்சு ஆட்சியில் 1707-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, பெற்றோர் இருக்கும்வரை மகன்கள் எதையும் கோர முடியாது. மணமாகும்வரை தாங்கள் சம்பாதித்ததையும் குடும்பப் பொதுவில் சேர்க்க வேண்டும். மகள்களுக்கு மட்டும் திருமணத்தின்போதே சீதனம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஆகவே இந்த விஷயத்தில் ‘தமிழ் மரபு’ என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டி வாதத்தை முடித்துவிட இயலாது.

ஐரோப்பியக் குடியானவர்கள் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார்கள். 13, 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பண்ணை மன்றப் பதிவேடுகளில், முதியவர் நிலத்தை மகனுக்கோ மற்றவருக்கோ விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஆண்டுக்கு இவ்வளவு தானியம், வீட்டில் இன்ன இடம், இன்ன உடை என்று எழுதி வாங்கிய ஒப்பந்தங்கள் காணக்கிடைக்கின்றன. சொன்னபடி செய்யாவிட்டால் நிலம் திரும்பிவிடும் என்ற நிபந்தனையும் சிலவற்றில் உண்டு. பாசத்தை நம்பாததால் எழுதினார்கள் என்று இதைப் படிக்கலாம். பாசத்தின் மேல் சுமை ஏறாதிருக்க எழுதினார்கள் என்றும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்புக்கு நம் விவாதத்தில் போதிய இடம் கிடைத்ததில்லை.

இந்தப் பழைய விடைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை உண்டு. அவை உடைமையைப் பற்றி மட்டுமே பேசின. மேலும், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை பெரிதும் மாறிவிட்டது. சம்பளம், பணிக்கொடை, வங்கிக் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீடு எனச் சுயமாகச் சம்பாதித்ததுதான் இன்றைய நடுத்தரக் குடும்பச் சொத்தின் பெரும்பகுதி. அதில் எந்தப் பிள்ளைக்கும் பிறப்புரிமை கிடையாது. உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் ஆகியோருக்குச் சமபங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் அது 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்தவர்களுக்கு வந்தது. நாடு முழுவதும் 2005 செப்டம்பர் 9 முதல்.

சட்டம் மாறியும் காது மாறவில்லை. “அப்பா, எல்.ஐ.சி. பாண்டெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டால், “ஏன், நான் போறதுக்குள்ள கணக்கு பாத்துடலாம்னு நெனைக்கிறியா?” என்ற பதில் வருவது இதனால்தான். கேட்டது விவரம், காதில் விழுந்தது பங்கு.

எழுதிக் கொடுத்த பிறகு

‘கடைசிவரை கையில் வைத்துக்கொள்’ என்பது பெரியவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் அறிவுரை. அதற்கு வலுவான ஆதாரங்கள் இருக்கின்றன. செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகி, பெறுபவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் எழுதியவர் நினைத்தபோது அதை ரத்து செய்ய முடியாது. குடும்பத்துக்குள் எழுதிக்கொடுத்தால் முத்திரைக் கட்டணம் குறைவு என்பதால், மகன் வீட்டுக்கடன் வாங்க வேண்டும், மகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உடனடித் தேவைக்காகப் பலர் எழுதிவிடுகிறார்கள்.

இதனால் நேர்ந்த துன்பங்களின் பின்னணியில்தான் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. கோட்டாட்சியர் நிலையிலுள்ள தீர்ப்பாயம் மாதம் ரூ.10,000 வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம். அதன் 23-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது: தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யலாம்.

நிபந்தனை பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில், நிபந்தனை இருந்ததாகக் காட்டாமல் 23-ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே நீதிமன்றம், முதியோர் நலனுக்கான இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறித் தாய் எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஓரடி சென்று, அன்பின் பேரில் எழுதிக்கொடுத்தாலே பராமரிப்பார்கள் என்ற நிபந்தனை அதில் உள்ளுறைந்திருக்கிறது என்ற கருத்தை முன்வைத்தது. பெற்றோருக்கு இது ஆறுதலான திசை. ஆனால் 2020-இல் வனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்ததையும் மறக்கலாகாது: குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மருமகளுக்குள்ள குடியிருப்பு உரிமையைப் பறிக்கும் கருவியாக முதியோர் சட்டம் மாறிவிடக் கூடாது.

சட்டம் வந்து சேர்வது உறவு முறிந்த பிறகு. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கும் தாய் வழக்கில் வென்றாலும் அன்று மாலை எந்த வீட்டுக்குத் திரும்புவார் என்பதை எந்தப் பிரிவும் சொல்வதில்லை. அதனால் பத்திரத்திலேயே நிபந்தனையை எழுதுவது, அல்லது தன் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையை நிறுத்திக்கொண்டு எழுதுவது, அல்லது செட்டில்மென்ட்டே வேண்டாம் என்று உயில் எழுதுவது ஆகிய மூன்றில் ஒன்று பாதுகாப்பானதாகத் தெரிகிறது. உயிலை உயிருள்ளவரை மாற்றலாம். இரண்டு சாட்சிகள் அவசியம். பதிவு செய்வது கட்டாயமில்லை.

‘கடைசிவரை கையில் வைத்துக்கொள்’ என்ற அறிவுரைக்குப் பொருளியலாளர்கள் வேறொரு கோணத்தில் விளக்கம் தேடினார்கள். பெற்றோர் விட்டுச்செல்லப்போகும் சொத்து பிள்ளைகளின் கவனத்தைப் பெறுவதற்கான பேரமாகவும் செயல்படுகிறது என்று பெர்ன்ஹைம், ஷ்லைஃபர், சம்மர்ஸ் மூவரும் 1985-இல் வாதிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள அமெரிக்கக் குடும்பங்களில், கைமாற்றத்தக்க சொத்து அதிகமிருந்தால் பிள்ளைகளின் வருகையும் தொலைபேசி அழைப்பும் அதிகம் என்பது அவர்கள் கண்டது. 1998-இல் மரியா பெரோசெக் செய்த மறு ஆய்வில் அந்தத் தொடர்பு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. பேர மனநிலை இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாக் குடும்பத்தையும் அதைக்கொண்டு விளக்குவதும் சரியாகாது.

கையில் வைத்துக்கொள்ளும் அறிவுரையின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. உடைமையைக் கைவிடாதே என்ற நியாயமான எச்சரிக்கை, விவரத்தையும் வெளியே விடாதே என்று நீண்டுவிடுகிறது. வீட்டைத் தன் பெயரில் வைத்திருப்பதற்கும், அந்த வீட்டின் தாய்ப்பத்திரம் எங்கே என்று மனைவிக்குக்கூடச் சொல்லாமல் இருப்பதற்கும் தொடர்பில்லை.

பேசிவிடுங்கள் என்போர்

மேற்கத்திய நிதி ஆலோசகர்களும் முதியோர் பராமரிப்புத் துறையினரும் எதிர்த் திசையில் பேசுகிறார்கள். பிள்ளைக்கு 40, பெற்றோருக்கு 70 ஆவதற்குள் பேசிவிட வேண்டும் என்பது அங்கு புழங்கும் ஒரு வாய்பாடு. இந்த நிலைப்பாட்டின் பலம் அதன் சான்றுகளில் இருக்கிறது. அகர்வால், டிரிஸ்கால், கபே, லெய்ப்சன் ஆகியோரின் 2009 ஆய்வு, கடன், கட்டணம் தொடர்பான தவறுகள் 53 வயதை ஒட்டி மிகக் குறைவாகவும் அதன்பின் மெல்ல அதிகரிப்பதாகவும் கண்டது. 2020-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வின்படி, மறதிநோய் கண்டறியப்படுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே தவணை தவறுவது போன்ற அறிகுறிகள் தென்படத் தொடங்குகின்றன. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கலாம் என்பது 2023-இல் வெளியான மதிப்பீடு. மின்கட்டணம் இரண்டு முறை கட்டப்பட்டிருப்பதும், வைப்புநிதி முதிர்ந்தது தெரியாமல் கிடப்பதும் சில வீடுகளில் வெறும் கவனக்குறைவாக இல்லாமலும் இருக்கலாம்.

அவர்கள் காட்டும் மற்றொரு சான்று உரிமை கோரப்படாத பணம். பத்து ஆண்டுகள் அசைவில்லாத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போகின்றன. 2024 மார்ச் இறுதியில் அந்தத் தொகை ரூ.78,213 கோடி. இது முழுவதும் சொல்லாமல் இறந்த பெற்றோரின் பணம் அல்ல. மறந்துபோன சம்பளக் கணக்குகளும் சிறு நிறுவனக் கணக்குகளும் இதில் அடக்கம். ஆனாலும் குடும்பங்களின் மௌனத்துக்கு இதில் ஒரு பங்கு இருக்க வேண்டும். இத்தகைய பணத்தைத் தேட 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்ற இணைய வாசலை ரிசர்வ் வங்கி திறந்தது.

எந்த வாசலிலும் தேட முடியாத பணமும் உண்டு. நம் ஊரில் அதுதான் அதிகம் தொலைகிறதோ என்று தோன்றுகிறது. பீரோவில் துணிக்கு அடியில் இருக்கும் டைரியில் ‘மளிகைக்கடைத் தம்பி 40’ என்று மட்டும் எழுதியிருக்கும். நாற்பதாயிரமா, நானூறா, கொடுத்ததா, வாங்கியதா என்பது எழுதியவருக்கே தெரியும். கைமாற்று, வட்டிக்கு விட்டது, பாதி கட்டிய சீட்டு, சொந்தக்காரர் பெயரில் அடகு வைத்த நகை, ஒத்திக்குக் கொடுத்த வீடு என எல்லாம் நினைவில் நடக்கும் வரவு செலவு. புரோநோட்டு இருந்தாலும் அதன் கெடு மூன்று ஆண்டு. அதற்குள் புதுப்பிக்கவோ வழக்குத் தொடுக்கவோ செய்யாவிட்டால் வெறும் தாளாகிவிடும். சொல்லாமல் விட்ட கடன் மறுபக்கத்திலிருந்தும் வரும்: பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வந்து, “உங்கப்பா எங்கிட்ட வாங்கியிருந்தார்” என்று சொல்பவர் உண்மை சொல்கிறாரா என்று பிள்ளையால் எப்படி அறிய முடியும்?

நாமினி போட்டாயிற்று, இனிப் பேச என்ன இருக்கிறது என்பதும் அடிக்கடி கேட்கும் பதில். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தானே தவிர உரிமையாளர் அல்லர் என்று 1983-இல் சர்பதி தேவி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பங்குகளுக்கும் அப்படியே என்று 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்தின்படி, பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களையே சேரும். மூத்த மகனை நாமினியாகப் போட்டுவிட்டு, பணம் எல்லோருக்கும் என்று மனத்துக்குள் நினைத்திருக்கும் தந்தை அதைச் சொல்லாமல் போனால், சண்டைக்கு விதை ஊன்றிவிட்டே போகிறார்.

பேசச் சொல்பவர்களின் பலவீனம் அவர்களுடைய தொனியில் இருக்கிறது. பெற்றோரைத் தீர்க்க வேண்டிய சிக்கலாகவும் பிள்ளைகளைப் பொறுப்பாளர்களாகவும் பார்க்கும் போக்கு அதில் உண்டு. முதுமையில் பெற்றோர் குழந்தையாகிவிடுகிறார்கள், பிள்ளைகள் பெற்றோராகிறார்கள் என்ற கருத்தை மார்கரெட் பிளெங்க்னர் 1965-லேயே மறுத்தார். வளர்ந்த பிள்ளைக்குரிய முதிர்ச்சி என்பது, பெற்றோரைக் குறைகளும் வரலாறும் உள்ள தனிமனிதராக ஏற்றுக்கொண்டு அவர்களுக்குத் துணைநிற்பது என்பது அவர் பார்வை. இது இன்றைய ஆலோசனைக் கையேடுகளைவிட நேர்மையானதாகப் படுகிறது.

இறப்புக்கு முன் வரும் கெடு

இதுவரை பார்த்த வாதங்களில் பெரும்பாலானவை இறப்பை மையமாகக் கொண்டவை. நடைமுறையில் குடும்பங்களைத் திணறவைப்பது அதற்கு முந்தைய காலம். தந்தை பக்கவாதத்தில் விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடக்கிறார். சேமிப்பு எல்லாம் அவர் ஒருவர் பெயரில். அவர் உயிரோடு இருப்பதால் நாமினிக்கு உரிமை எழவில்லை, உயிலுக்கு வேலையில்லை, வாரிசுச் சான்றிதழ் கேட்கவும் முடியாது. மருத்துவமனையோ முன்பணம் கேட்கிறது.

உடல் தளர்ந்து கையெழுத்திட முடியாதவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகளில் வழி உண்டு: இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க, கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். அறிவு தெளிவாக இருப்பவருக்குத்தான் இது உதவும். பவர் எழுதி வாங்கியிருக்கிறோமே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவரின் மனத்தெளிவு போனால் பவரும் முடிந்துவிடுகிறது. எப்போது தேவையோ அப்போதே அது செல்லாது.

இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், மனத்தெளிவு போன பிறகும் நிலைக்கும் அதிகாரப் பத்திரத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வழிசெய்கிறது. இந்தியாவில் அதற்கு இணையான ஏற்பாடு இல்லை. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் நோயாளியின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்யும் பகுதி ஒன்றிருந்தது. அதன் இடத்தில் வந்த 2017 சட்டம் சிகிச்சைக்கான பிரதிநிதியை நியமிக்க அனுமதிக்கிறது, சொத்து பற்றி எதுவும் சொல்லவில்லை. இந்த வெற்றிடத்தில் குடும்பங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகின்றன. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், நினைவிழந்து கிடந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, அவர் சொத்தைக் கையாள அனுமதித்தது. உயர் நீதிமன்றம் வரை போக எல்லாருக்கும் தெம்பு இருக்காது.

எஞ்சியிருக்கும் எளிய கருவி ‘இருவரில் ஒருவர்’ இயக்கத்தக்க கூட்டுக்கணக்கு. எல்லாப் பணத்தையும் அல்ல, சில மாதச் செலவுக்கும் ஒரு மருத்துவமனை முன்பணத்துக்கும் போதுமானதை மட்டும் அதில் வைத்தால், உடைமையும் உயிலும் தொடப்படாமலேயே அவசரத்துக்கு வழி கிடைக்கும். பேச்சைத் தொடங்க இது நல்ல இடமாகலாம். “உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எந்தப் பணத்தை எடுக்கட்டும்?” என்ற கேள்வியில் சாவும் இல்லை, பங்கும் இல்லை. இரண்டாவது கையெழுத்து யாருடையது என்பது மற்றப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும்.

யாருடைய பெற்றோர்?

மேற்சொன்ன விவாதம் முழுவதும், பெற்றோரிடம் சொத்து இருக்கிறது, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்ற அனுமானத்தில் நிற்கிறது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் நீண்டகாலம் ஆய்வு செய்த பென்னி வேரா-சான்சோ இதைக் கேள்விக்குள்ளாக்கினார். அங்கே முதியவர்கள் சார்ந்திருப்பவர்கள் அல்லர். காய்கறி விற்றும் வீட்டு வேலை செய்தும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டும் இளைய தலைமுறையைத் தாங்குபவர்கள் அவர்கள். மாதம் ரூ.1,200 முதியோர் உதவித்தொகை பெறும் பாட்டியின் ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கிறது, மகளிர் குழுவில் அவர் பெயரில் எடுத்த கடனை உண்மையில் யார் செலவழித்தார் என்பவைதான் அங்கு பேசப்பட வேண்டியவை. விவரம் கேட்க வேண்டியவர் அந்தப் பாட்டி.

பெண்களைப் பொறுத்தவரை விவாதம் இன்னும் வளரவில்லை. பெற்றோர் என்று எழுதப்படும் இடங்களில் பெரும்பாலும் தந்தையே பொருள். கணவருடைய ஓய்வூதிய ஆணை எண்ணைக்கூட அறியாத மனைவிக்கு, அவர் மறைந்த மாதமே குடும்ப ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலைய நேர்கிறது. மகள்களின் நிலையோ, கல்யாணத்துக்குச் சீர் செய்தாயிற்று என்ற காரணத்தில் பேச்சிலிருந்தே விலக்கப்பட்டு, கடைசியில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட மட்டும் அழைக்கப்படுவது. சட்டப்படி சமபங்குள்ளவரை விட்டுவிட்டு மகன்களோடு மட்டும் பேசி முடித்த எந்த ஏற்பாடும் அரைகுறைதான்.

தீராதவை

சான்றுகளை எடைபோட்டால், விவரத்தை முன்கூட்டியே பகிர்வது நல்லது என்பதற்கு ஆதரவு வலுவாகவே இருக்கிறது. உடைமையை முன்கூட்டியே மாற்றுவது நல்லது என்பதற்கு அவ்வளவு ஆதரவு இல்லை. இடையில் நிற்கும் அதிகாரம் பற்றிய கேள்விக்குத்தான் இந்தியச் சட்டத்திடம் விடை இல்லை. நிலைக்கும் அதிகாரப் பத்திரத்தைக் கொண்டுவந்தால் அதைப் பிள்ளைகளே தவறாகப் பயன்படுத்த மாட்டார்களா என்ற அச்சமும் நியாயமானதே. யார், எப்படிக் கண்காணிப்பது என்பது முடிவாகாமல் அந்தச் சட்டம் வருவது உதவுமா என்பதும் தெளிவில்லை. மனத்தெளிவு ஒரே நாளில் போவதில்லை என்பதால், எந்தக் கட்டத்தில் பிள்ளை தலையிடலாம் என்பதை மருத்துவமும் துல்லியமாக வரையறுத்துத் தந்துவிடவில்லை. முன்பு குறிப்பிட்ட நிதித் தவறு ஆய்வுகள் அமெரிக்கக் கடன் பதிவேடுகளை நம்பியவை. கைமாற்றிலும் சீட்டிலும் புழங்கும் குடும்பங்களுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பது தனியே ஆராயப்பட வேண்டியது.

பிள்ளைகளே இல்லாதவர்களின் கேள்வியும் நிற்கிறது. 2007 சட்டத்தின்படி, பிள்ளையில்லாத மூத்த குடிமகன் தன் சொத்தை வைத்திருக்கும் அல்லது பின்னர் அடையப்போகும் உறவினரிடம் பராமரிப்புக் கோரலாம். பராமரிப்பை மீண்டும் சொத்தோடு கட்டிவைக்கும் ஏற்பாடு இது. விட்டுச்செல்லச் சொத்தும் இல்லாமல், கேட்கப் பிள்ளையும் இல்லாமல், வங்கிக் கணக்கில் சில ஆயிரங்களோடு தனியே வாழும் ஒருவர் தன் கணக்கின் விவரத்தை யாரிடம் சொல்லிவைப்பது, நினைவு தவறினால் அவருக்காகக் கையெழுத்திடுவது யார் என்பதற்கு அந்தச் சட்டத்திலும் இடமில்லை.